மேலிருந்து மூடியதா, கீழிருந்து மூடியதா: 2024 மே சூரியப் புயலில் ஒரு சிற்றலைப் பாதை

2024 மே 11, சனிக்கிழமை. உலக நேரம் பகல் 12 மணிக்கு வட ஐரோப்பாவில் இருக்கும் நண்பர் ஒருவருடன், ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியில், 28 மெகாஹெர்ட்ஸில் பேசுவதாக ஒரு வாரத்துக்கு முன்பே நேரம் குறித்திருந்தேன். ஏப்ரல் முழுக்க அந்த நேரத்தில் அந்தப் பாதை எங்களை ஏமாற்றியதே இல்லை. இருவரிடமும் 100 வாட் டிரான்ஸ்சீவர். என் பக்கம் மூன்று உறுப்பு பீம் ஆன்டெனா, அவர் பக்கம் ஒரு சாதாரண டைபோல். குரலிலேயே 59 என்று, அதாவது தெளிவுக்கும் வலிமைக்கும் முழு மதிப்பெண்ணாக, அறிக்கை கொடுத்துக்கொள்வோம். குறித்த நாளில், குறித்த நேரத்தில், ரிசீவரில் வெறும் இரைச்சல் மட்டும் இருந்தது.

அதற்கு முந்தைய நாள் நண்பகலிலும் இப்படி ஓர் அமைதி வந்து போயிருந்தது. சனிக்கிழமை வந்ததும் அதுவேதான் என்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு விலையாக ஒரு மணி நேரம் போயிற்று. நண்பருடனான தொடர்பும் நூலிழையில் தப்பியது. பிறகு இரண்டு நாட்களின் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிவானது. காதுக்கு ஒன்றுபோலவே ஒலித்த அந்த இரண்டு அமைதிகளும் நேரெதிரான வழிகளில் உண்டானவை. ஒன்று பேண்டுகளை, அதாவது எங்களுக்கு ஒதுக்கிய அதிர்வெண் பட்டைகளை, கீழிருந்து மேலாக மூடியது. மற்றது மேலிருந்து கீழாக மூடியது. தொலைதூரச் சிற்றலையில் ஈடுபடுகிற எவரும் இந்த வேறுபாட்டைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கையில் இருந்த எண்கள்

வெள்ளிக்கிழமை காலையில் சூரியப் பாய்வு எண் 200-ஐத் தாண்டி நின்றது. சூரியச் சுழற்சியின் உச்சக் காலத்துக்கு உரிய எண் அது. கனடாவின் பென்டிக்டனுக்கு அருகில் உள்ள வானொலி ஆய்வகம் சூரியனிலிருந்து வரும் 10.7 சென்டிமீட்டர் அலையை அன்றாடம் அளந்து தருகிறது. சிற்றலையைத் திருப்பி அனுப்பும் மேல்வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்குகளை, அதாவது அயனி மண்டலத்தை, அந்த அலை உண்டாக்குவதில்லை. உண்டாக்குவது சூரியனின் அதிபுற ஊதாக் கதிர். அதை வளிமண்டலம் விழுங்கிவிடுவதால் தரையில் இருந்து அளக்க வழியில்லை. இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே ஏறி இறங்குவதால், அளக்க முடிந்ததை வைத்து அளக்க முடியாததை ஊகிக்கிறோம். ஆக அந்த எண் சொல்வது சூரியன் எவ்வளவு கொடுக்கிறது என்பதை மட்டுமே. கொடுத்தது மேலே தங்கியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

கே குறியீடும் வெள்ளி பகலில் தாழ்வாகவே இருந்தது. 0 முதல் 9 வரை போகும் இந்தக் குறியீடு, பூமியின் காந்தப்புலம் மூன்று மணி நேரத்தில் எவ்வளவு ஆடியது என்பதைச் சொல்கிறது. ஆடி முடிந்த பிறகே அந்த எண் கைக்கு வரும். அதை வருங்காலச் செய்தியாகப் படிக்கும் பழக்கம் ஹாம்களிடம் பரவலாக உண்டு; என்னிடமும் இருந்தது.

பாய்வு அதிகம், கே குறைவு. நல்ல நாளின் இலக்கணம் இதுதான் என்று முடிவு செய்து சனிக்கிழமைக்காக வேறெந்த ஏற்பாடும் செய்யாமல் விட்டேன். ஆனால் அமெரிக்காவின் விண்வெளி வானிலைக் கணிப்பு மையம் மே 9 அன்றே ஜி 4 அளவுக்கான (ஐந்து படிகளில் நான்காவது) காந்தப்புயல் எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. 2005 ஜனவரிக்குப் பிறகு அந்த அளவுக்கு எச்சரிக்கை வந்தது அதுவே முதல் முறை. 13664 என்ற எண் கொண்ட சூரியப்புள்ளிக் கூட்டம் பூமியின் விட்டத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் விரிந்து, மே 8 முதலே பெரிய தீப்பிழம்புகளையும் பிளாஸ்மா மேகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வீசிக்கொண்டிருந்தது. எச்சரிக்கையைப் படித்தேன். முன்பு பலமுறை இப்படி அறிவித்த மேகங்கள் பூமியை உரசாமலே விலகிப் போனதைப் பார்த்திருந்ததால், அதை என் பாதையோடு பொருத்திப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நண்பகல்

என் நிலையம் பூமத்திய ரேகைக்கு வடக்கே, தாழ்ந்த அட்சரேகையில் உள்ளது. உலக நேரம் 7 மணியை ஒட்டி எனக்கு நண்பகல். (இங்கே எல்லா நேரங்களும் உலக நேரம்தான்.) அன்று 06:40 அளவில் 14 மெகாஹெர்ட்ஸில் ஒரு மோர்ஸ் உரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேரில் ஒருவர் தேய்ந்தார், பிறகு மற்றவரும் தேய்ந்தார். ஃபேடிங் என்றால் திரும்பி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரின் முள் வழக்கமாக எஸ் 3-இல் துடித்துக்கொண்டிருக்கும்; அது ஒன்றுக்கும் கீழே இறங்கிப் படுத்துவிட்டது. ஹெட்போனில் தொலைதூர மின்னல்களின் சடசடப்பு நின்று, அருகிலிருக்கும் மின்கம்பியின் மெல்லிய உறுமல் மட்டும் தனித்துக் கேட்டது.

முதலில் கேபிள் போய்விட்டது என்றே நினைத்தேன். பின்பக்கம் சென்று பிஎல்-259 இணைப்பைக் கழற்றி, முள்ளைத் துடைத்து, மீண்டும் இறுக்கினேன். குறைந்த சக்தியில் ஒரு நொடி அனுப்பிப் பார்த்தால் ஆன்டெனாப் பொருத்தத்தைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் எப்போதும்போல் 1.3. ஆன்டெனாவில் குறையில்லை. அப்படிப் பார்த்தால் அந்த மின்கம்பி உறுமல் ஒன்றே போதும் சாட்சி சொல்ல: கேபிள் அறுந்திருந்தால் அதுவும் சேர்ந்தே போயிருக்கும். அருகிலிருந்து வரும் இரைச்சல் மிஞ்சி, தொலைவிலிருந்து வரும் இரைச்சல் மட்டும் மறைந்தால் கோளாறு கருவியில் இல்லை, தலைக்கு மேலே வானத்தில் இருக்கிறது. மின்னல் இரைச்சலும் அயனி மண்டலத்தில் பட்டுத்தான் நம்மிடம் வருகிறது. பாதை மூடினால் அதற்கும் வழி அடைபடும்.

06:54-க்கு எக்ஸ் 3.9 அளவில் (எக்ஸ் என்பது மிக வலிய வகை) ஒரு சூரியத் தீப்பிழம்பு உச்சத்தைத் தொட்டிருந்தது. அந்த நிமிடத்தில் சூரியன் ஏறக்குறைய என் தலைக்கு நேர் மேலே. எக்ஸ் கதிர் ஒளியின் வேகத்தில் எட்டு நிமிடங்களில் பூமியை அடைந்து, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள டி அடுக்கில் எலெக்ட்ரான்களைக் குவித்துவிடுகிறது. அந்த உயரத்தில் காற்று இன்னும் அடர்த்தியானது. வானொலி அலை எலெக்ட்ரான்களை ஆட்டும். ஆடும் எலெக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளில் மோதி, பெற்ற ஆற்றலை வெப்பமாக இழக்கும். அலை, அதைத் திருப்பி அனுப்ப வேண்டிய மேல் அடுக்கான எஃப் 2-ஐ அடையும் முன்பே கரைந்துபோகிறது.

இந்த உறிஞ்சல் ஏறத்தாழ அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் எத்தனை டெசிபெல் இழக்கிறோமோ, 28 மெகாஹெர்ட்ஸில் அதில் பதினாறில் ஒரு பங்குதான் இழக்கிறோம். ஆகவே தாழ்ந்த பேண்டுகள் முதலில் மூழ்கும்; உயர்ந்த பேண்டுகள் கடைசியில் மூழ்கி முதலில் தலைதூக்கும். அன்று என் பதிவேட்டில் அந்த வரிசை அச்சடித்ததுபோல் இருந்தது. 28 முதலில் மீண்டது, பிறகு 21, 14 வெகுநேரம் கழித்து. 7 மெகாஹெர்ட்ஸில் பிற்பகல் வரை ஒன்றும் இல்லை. பகல் நேரத்தில் அங்கே வழக்கமாகவே உறிஞ்சல் அதிகம் என்பதால் அதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

பாதிப்பு சூரிய ஒளி படும் பக்கத்தில் மட்டுமே. இதை அப்போது எழுதி வைத்துக்கொண்டேன். அதன் முழுப் பொருளும் நான்கு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அந்த இரவு

பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் விண்கலங்களை மே 10 மாலை 16:36 அளவில் அதிர்ச்சி அலை கடந்தது. 17:05-க்குத் தரையில் உள்ள காந்தமானிகள் துள்ளின. இடையில் கிடைத்த அவகாசம் அரை மணி நேரம்கூட இல்லை. சூரியக் காற்று சுமந்து வந்த காந்தப்புலத்தின் தென்முகக் கூறு 50 நானோடெஸ்லாவை ஒட்டிச் சென்றது. பூமியின் காந்தக் கவசத்தை அது திறந்துவிட்டது. 22:54-க்கு ஜி 5 அறிவிக்கப்பட்டது. 2003 அக்டோபருக்குப் பிறகு அந்த அளவைத் தொட்ட முதல் புயல் அது. துருவ ஒளி தன் வழக்கமான வளையத்தை விட்டுக் கீழே இறங்கி வந்தது. லடாக்கின் ஹான்லேயில் உள்ள வானாய்வு மையத்திலிருந்துகூடச் செந்நிற ஒளி படமாகப் பதிவானது.

அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கணினி விழித்திருந்தது; மெலிந்த சமிக்ஞைகளைக் கணினி வழியே படிக்கும் எஃப்டி8 மென்பொருளை 28 மெகாஹெர்ட்ஸில் கேட்கும்படி ஓடவிட்டுப் படுத்திருந்தேன். இந்தச் சிறு விஷயம் பிறகு முக்கியமாகிறது.

சனிக்கிழமை

12 மணிக்கு 28 மெகாஹெர்ட்ஸில் அமைதி. பீமை நண்பரின் திசைக்குத் திருப்பி மூன்று முறை அழைத்தேன். பதில் இல்லை. கைபேசியில் கேட்டபோது, தன் பக்கமும் ஒன்றும் இல்லை, 11:44-க்கு எக்ஸ் 1.5 தீப்பிழம்பு ஒன்று வெடித்திருக்கிறது, பார்த்தீர்களா என்றார். பார்த்தேன். நேரம் கச்சிதமாகப் பொருந்தியது. நேற்று அனுபவித்ததும் அதுதானே! “அரை மணி நேரம் பொறுப்போம், மேல் பேண்ட் முதலில் திரும்பும்” என்று அவருக்கு எழுதினேன்.

காரணம் கண்முன் கிடைத்துவிட்டால் மனம் அதோடு தேடலை நிறுத்திவிடுகிறது. 12:30 ஆயிற்று, 12:45 ஆயிற்று. 28 அசையவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்: தீப்பிழம்பு காரணமானால் முதலில் மீள வேண்டியது இதுதான். மீளவில்லை என்றால் காரணம் அது இல்லை.

ஒரு மணிக்கு வேறு வழியின்றிக் கீழே இறங்கத் தொடங்கினேன். 24-இல் எதுவும் இல்லை. 21-இல் வடக்கு நோக்கி ஒன்றும் இல்லை. ஆனால் பீமைத் தென்மேற்காகத் திருப்பியதும் தெற்கு ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து எஃப்டி8 சமிக்ஞைகள் மெலிந்த கோடுகளாகத் திரையில் இறங்கின. 18-இல் வடக்கு வெறுமை. 14-க்கு வந்தபோது, இரைச்சலுக்கு அடியில் ஐரோப்பிய மோர்ஸ் நிலையங்கள் இரண்டு மூன்று. சுரம் தெளிவாக இல்லை. ஒவ்வொரு கோடும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் நடுங்கியது. துருவ ஒளிப் பகுதியை உரசி வரும் அலைக்கே உரிய நடுக்கம் அது. நண்பரை அங்கே வரச்சொன்னேன். 13:35-க்கு அவர் அழைப்புக் குறி இரண்டாம் முறையில் முழுதாகக் காதில் விழுந்தது. மோர்ஸ் அறிக்கையில் முழு மதிப்பெண் 599; நான் 339 கொடுத்தேன், 329 வாங்கினேன். அறிக்கை முடிந்ததும் அவர் மறைந்துவிட்டார்.

14 உயிரோடு இருக்கிறது, 28 செத்துக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டதுபோல் இருந்தது.

என்ன நடந்திருந்தது

எஃப் 2 அடுக்கு செங்குத்தாக மேலே அனுப்பும் அலையை எந்த அதிர்வெண் வரை திருப்பி அனுப்புகிறதோ, அதுவே அதன் மாறுநிலை அதிர்வெண். அலையைச் சாய்வாக அனுப்பினால் அதைவிட உயர்ந்த அதிர்வெண்ணும் திரும்பி வரும். 3000 கிலோமீட்டர் தாவலுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்தப் பெருக்கல் விடையைத்தான் எம்யூஎஃப், அதாவது பயன்படுத்தக்கூடிய உச்ச அதிர்வெண், என்கிறோம். மாறுநிலை அதிர்வெண் 10 மெகாஹெர்ட்ஸாக இருக்கும் நாளில் எம்யூஎஃப் 30-ஐத் தொடும். 28 தாராளமாகத் திறந்திருக்கும். அது 5-ஆகச் சரிந்தால் எம்யூஎஃப் 15. அப்போது 28, 24, 21, 18 எல்லாம் விண்வெளிக்குத் துளைத்துக்கொண்டு போய்விடும். 14 மட்டும் விளிம்பில் தொங்கும். சனிக்கிழமை வடக்குப் பாதையில் நான் பேண்ட் பேண்டாக இறங்கிக் கண்டது இதைத்தான்.

சூரியன் குறைவாகக் கொடுத்ததால் வந்த சரிவு இல்லை இது. பாய்வு எண் அன்றும் 200-க்கு மேல்தான். புயலின் மின்னோட்டங்கள் துருவ ஒளிப் பகுதியின் மேல்வளிமண்டலத்தைச் சூடாக்கின. சூடேறிய காற்று, நைட்ரஜன் மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டு பூமத்திய ரேகையை நோக்கி நகர்ந்தது. எஃப் 2 அடுக்கு நிலைத்திருப்பது அங்கே ஆக்சிஜன் அணுக்கள் மிகுந்திருப்பதால். நைட்ரஜன் மூலக்கூறுகள் கலந்தால் அயனிகள் வேகமாக எலெக்ட்ரான்களோடு சேர்ந்து மறைந்துவிடும். குழாயில் தண்ணீர் அதே வேகத்தில் விழுந்துகொண்டிருக்க, தொட்டியின் அடைப்பைப் பிடுங்கியதுபோல் ஆனது. குழாயை மட்டும் அளக்கும் எண்ணை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

தெற்குப் பாதை ஏன் தப்பியது என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. கோடை அரைக்கோளத்தில் பின்னணிக் காற்றும் பூமத்திய ரேகை நோக்கியே வீசுவதால், இந்தச் சீர்குலைந்த காற்று வெகுதூரம் கீழே இறங்கிவிடும். குளிர்கால அரைக்கோளத்தில் எதிர்க்காற்று அதைத் துருவப் பக்கமே தடுத்து வைக்கும். மே மாதத்தில் வடக்கே கோடை நெருங்குகிறது, தெற்கே குளிர்காலம். ஒரே புயல், ஒரே நிலையம், ஒரே நிமிடம். பீமைச் சுழற்றினால் வேறு உலகம். “இன்று கண்டிஷன் எப்படி?” என்று கேட்கும்போது எந்தப் பாதைக்கு என்று சேர்த்துக் கேட்காவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

11:44 தீப்பிழம்புக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போது எனக்குச் சூரியன் மேற்கே சாய்ந்திருந்தது, ஐரோப்பாவில் உச்சி வெயில். 14 மெகாஹெர்ட்ஸ் அவ்வளவு மெலிந்து கேட்டதில் அதன் கை இருந்திருக்கலாம். கீழிருந்து உறிஞ்சலும் மேலிருந்து எம்யூஎஃப் சரிவும் நெருக்க, நடுவே ஒரு குறுகிய சந்துதான் மிஞ்சியது. ஆனால் 28-ஐ மூடியது தீப்பிழம்பு அல்ல என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி என் கணினியிலேயே கிடந்தது. இரவு முழுக்க ஓடிய எஃப்டி8 பதிவை மாலையில் திறந்தேன். வழக்கமாகக் காலை முதல் வடக்கு நிலையங்கள் வரிசைகட்டி நிற்கும் கோப்பில், அன்று தீப்பிழம்புக்குப் பல மணி நேரம் முன்பிருந்தே வடக்கிலிருந்து ஒரு வரி இல்லை. 12 மணிக்கு முன்பு ஒரு முறை அந்தத் திரையை மேலே நகர்த்திப் பார்த்திருந்தால் அரை மணி காத்திருக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போது செய்வது

ஒரு பாதை ஊமையானால் உடனே அடுத்த கீழ் பேண்டுக்கும் மேல் பேண்டுக்கும் போய்க் கேட்கிறேன். மேலே உயிர் இருந்து கீழே இல்லையென்றால் உறிஞ்சல். அரை மணியோ ஒரு மணியோ காத்திருப்பதில் பொருள் உண்டு, அல்லது மேலே ஏறலாம். கீழே உயிர் இருந்து மேலே இல்லையென்றால் எம்யூஎஃப் விழுந்திருக்கிறது. காத்திருந்து பயனில்லை, இறங்கிவிட வேண்டும். இதற்கு மூன்று நிமிடம் போதும். மூன்று நிமிடம் என்று நான் சும்மா சொல்லவில்லை: 14.100, 18.110, 21.150, 24.930, 28.200 மெகாஹெர்ட்ஸ்களில் உலகெங்கும் பதினெட்டு இடங்களுக்கு என அமைந்த பீக்கன்களின் (தானாகவே சமிக்ஞை அனுப்பும் நிலையங்களின்) வரிசை ஒரு சுற்று முடிய எடுக்கும் நேரம் அது. ஒவ்வொரு பீக்கனும் பத்து நொடியில் தன் அழைப்புக் குறியையும் நான்கு நீண்ட கோடுகளையும் அனுப்பும். முதல் கோடு 100 வாட், அடுத்தது 10, பிறகு 1, கடைசி 0.1 வாட். எத்தனையாவது கோட்டில் ஒலி மறைகிறது என்று எண்ணினால், அந்தப் பாதையில் எவ்வளவு கையிருப்பு உண்டு என்று தெரிந்துவிடும். எந்தக் குறியீட்டு எண்ணையும்விட இதை நம்புகிறேன், ஏனென்றால் இது பாதையையே நேரடியாக அளக்கிறது.

எந்த நிலையம் எங்கே கேட்டது என்று காட்டும் எஃப்டி8, விஸ்பர் வரைபடங்களும் உதவும். ஒரு எச்சரிக்கையோடு: இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே புதைந்த எஃப்டி8 சமிக்ஞையையும் மென்பொருள் தோண்டி எடுத்துவிடும். வரைபடத்தில் கோடு விழுந்துவிட்டது என்று மைக்கை எடுத்தால் ஏமாற்றம்தான்.

வடக்கே நான் வழக்கமாகக் கேட்கும் பீக்கன் 12 ஆம் தேதி முழுக்க 21-இல் கேட்கவில்லை. 13 மாலை முதல் கோடு மட்டும் கேட்டது, அடுத்த சுற்றில் இரண்டாவதும். மறுநாள் 16:51-க்கு அதே சூரியப்புள்ளிக் கூட்டம் எக்ஸ் 8.7 தீப்பிழம்பை வீசியது. நடப்புச் சூரியச் சுழற்சியில் அதுவரை பதிவானவற்றில் மிகப் பெரியது. எனக்கு அப்போது இரவு. அட்லாண்டிக்கின் இருபுறமும் சிற்றலை தடுமாறிக்கொண்டிருந்த அந்த நிமிடங்களில், இருள் படர்ந்த என் பக்கத்தில் 7 மெகாஹெர்ட்ஸில் கிழக்கிலிருந்து வந்த ஒரு மோர்ஸ் நிலையம் எஸ் மீட்டரின் முள்ளைக் கொஞ்சமும் அசையவிடாமல் அழைத்துக்கொண்டே இருந்தது. பதிவேட்டில் நேரத்தைக் குறித்து, பக்கத்தில் “599” என்று எழுதினேன்.